சர் சி.வி. இராமனும் சந்தைக் கத்தரிக்காயும்

சங்கராபுரத்திலிருந்து மேற்கே நோக்கினால் கல்வராயன் மலை நீலமாகத் தெரிகிறது. பேருந்தேறி அடிவாரத்தில் போய் இறங்கினால் அதே மலை பச்சையாக நிற்கிறது. நீலம் மலையில் இல்லை, இடையிலுள்ள காற்றில் இருக்கிறது என்பது பௌதிகம் படிக்கும் நம் அனைவர்க்கும் தெரிந்த செய்தி. காற்றின் மூலக்கூறுகள் நீல ஒளியை மற்ற நிறங்களைவிட மிகுதியாகச் சிதறச் செய்கின்றன. இதே போன்றதொரு நீலத்தைக் கடலிலே கண்டு, ஏன் என்று கேட்ட ஒரு தமிழரின் வரலாற்றை இங்கு எழுத முற்படுகிறேன். அவர் நோபல் பரிசு பெற்றவர் என்பதற்காக மட்டும் எழுதவில்லை. எங்கள் வீட்டுக் கத்தரித் தோட்டத்தில் எழுந்த ஒரு கேள்விக்கு விடை தேடிப் போனபோது, வழியில் அவர் நின்றுகொண்டிருந்தார்.

கேள்வி இதுதான். எங்கள் பக்கத்தில் கத்தரி வைக்கும் பலர் வரப்போரமாக இரண்டு சால் செடியை மருந்தடிக்காமல் விட்டுவிடுவார்கள். அது வீட்டுக் காய். மற்றது சந்தைக் காய். வீட்டுக் காயில் புழு இருக்கும், சந்தைக் காய் பளபளவென்று இருக்கும். இரண்டையும் கழுவி ஒரே கூடையில் போட்டுவிட்டால், அதிலும் வீட்டுக் காயில் சொத்தையில்லாததாகப் பொறுக்கிப் போட்டுவிட்டால், எது எது என்று அடித்தவராலும் சொல்ல முடியாது. நாக்குக்கும் தெரியாது, மூக்குக்கும் தெரியாது. கூடையைத் தூக்கிக்கொண்டு கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் ஆய்வகம் வரை போகவும் முடியாது. போனாலும், வாயுநிறச்சாரல் கருவியில் ஏற்றி இறக்கி விடை வருவதற்குள் காய் அழுகிவிடும். சந்தையிலேயே, கையில் பிடித்தபடி, காயின்மேல் காட்டியவுடன் இன்ன மருந்து இருக்கிறது என்று சொல்லும் கருவி உண்டா? உண்டு என்று படித்தேன். அதன் பெயரில் இராமன் இருந்தார்.

சந்திரசேகர வெங்கட இராமன் 1888ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் நாள் திருச்சிராப்பள்ளியை அடுத்த திருவானைக்காவலில் பிறந்தார். தந்தை சந்திரசேகர ஐயர், தாய் பார்வதி அம்மாள். தந்தையார் கணக்கும் பௌதிகமும் கற்பிக்கும் ஆசிரியர். இராமன் சிறு பிள்ளையாக இருக்கும்போதே அவருக்கு விசாகப்பட்டினத்துக் கல்லூரியில் வேலை கிடைக்க, குடும்பம் அங்கே பெயர்ந்தது. வீட்டில் புத்தகங்கள் நிறைய இருந்தன. பதினோராம் வயதில் மெட்ரிகுலேஷன் தேறி, பின் சென்னை மாநிலக் கல்லூரியில் சேர்ந்து, 1904இல் பி.ஏ. பட்டத்தை முதல் மாணவராகப் பெற்றார். அப்போது வயது பதினைந்து. புத்தகம் நிறைந்த வீட்டில் பிறப்பது ஒரு பாக்கியம். அது இல்லாத வீடுகளிலிருந்து வரும் நமக்கு நூலகம் இருக்கிறது, பொறாமை வேண்டாம்.

மாநிலக் கல்லூரியில் நடந்த ஒரு செய்தியை மட்டும் நிறுத்திச் சொல்ல வேண்டும். நாமெல்லாம் நிறமாலைமானியில் பட்டகத்தை வைத்துக் கோணம் அளக்கிறோம். அளந்து, விடை அறுபது பாகைக்கு அருகில் வந்ததும் நிம்மதியடைந்து பதிவேட்டை மூடிவிடுகிறோம். இராமனும் அதே சோதனையைத்தான் செய்துகொண்டிருந்தார். பட்டகத்தின் முகத்தில் மிகச் சாய்வாக விழுந்து எதிரொளித்த ஒளியில், ஓரமாகச் சில பட்டைகள் இருபுறமும் சமமில்லாமல் நிற்பதைக் கண்டார். கணக்குக்குத் தேவையில்லாத காட்சி. அவர் அதை விடாமல் பற்றி, அளந்து, ஒரு கட்டுரையாக எழுதி இலண்டனிலிருந்து வெளியான ஃபிலசாஃபிக்கல் மேகசின் என்னும் ஏட்டுக்கு அனுப்பினார். 1906இல் அது அச்சாயிற்று. அப்போது அவருக்கு வயது பதினெட்டு. யாரும் அவருக்கு வழிகாட்டவில்லை.

1907இல் எம்.ஏ. முடித்தார். மேற்படிப்புக்கு இங்கிலாந்து போகலாம் என்றால், சென்னையின் அரசு மருத்துவர் இவர் உடம்பு அந்தக் குளிரைத் தாங்காது என்று தடுத்துவிட்டார். விஞ்ஞானத்தை நம்பி இந்தியாவில் பிழைக்க முடியாத காலம் அது. இராமன் நிதித்துறைத் தேர்வு எழுதி முதலிடம் பெற்றார். அதே ஆண்டு லோகசுந்தரி அம்மையாரை மணந்து, கல்கத்தாவில் துணைக் கணக்காயராகப் பதவியேற்றார். நல்ல சம்பளம், நல்ல மதிப்பு. இத்துடன் கதை முடிந்திருக்க வேண்டும். நம் ஊரில் அரசு வேலை கிடைத்தவருடைய கதை பெரும்பாலும் இத்துடன் முடிகிறது.

ஆனால் கல்கத்தாவில் பௌபஜார் தெரு 210ஆம் எண் கட்டடத்தில் ஒரு பலகை தொங்கிற்று. இந்திய விஞ்ஞான வளர்ச்சிக் கழகம் என்று அதில் எழுதியிருந்தது. மகேந்திரலால் சர்க்கார் என்னும் மருத்துவர் 1876இல் தோற்றுவித்த கழகம் அது. கூடமும் கருவிகளும் இருந்தன, ஆராயத்தான் ஆள் இல்லை. வேலைக்குப் போகும் வழியில் பலகையைக் கண்ட இராமன் உள்ளே போய் அனுமதி கேட்டார், கிடைத்தது. அன்று முதல் பத்தாண்டுகள் அவருடைய நாள் இப்படி ஓடியது: விடியற்காலை ஐந்தரை மணிக்குக் கழகம், பத்து மணிக்குச் சற்று முன் வீடு, குளித்து அவசரமாக உண்டு அலுவலகம், மாலை ஐந்து மணிக்கு மீண்டும் கழகம், இரவு பத்து மணியளவில் வீடு. ஞாயிறு முழுவதும் கழகம். இடையில் இரங்கூனுக்கும் நாகபுரிக்கும் மாற்றினார்கள். 1910இல் தந்தை இறந்தபோது எடுத்த விடுப்பிலும் சென்னை மாநிலக் கல்லூரிக்குப் போய் ஆராய்ச்சி செய்தார்.

அந்த ஆண்டுகளில் அவர் மனம் ஒலியில் தோய்ந்திருந்தது. வயலின், வீணை, தம்புரா, பிறகு மிருதங்கம். பறை முதலிய தோற்கருவிகளின் ஒலி பொதுவாக ஒழுங்கற்றது என்பது மேனாட்டார் கொள்கை. மிருதங்கத்தின் வலந்தலையில் நடுவே பூசும் கருஞ்சாந்து அந்த ஒழுங்கின்மையைச் சீர்செய்து, தந்திக் கருவிபோல இணக்கமான மேற்சுரங்களைத் தருகிறது என்பதை அவர் 1920இல் எழுதினார். மிருதங்கம் செய்பவர்கள் தலைமுறை தலைமுறையாக விரலால் அறிந்திருந்ததை அவர் அளவால் அறிந்தார் என்று சொல்லலாம்.

1917இல் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் பாலித் பேராசிரியர் பதவியை ஏற்கும்படி அசுதோஷ் முகர்ஜி அழைத்தார். சம்பளம் நிதித்துறையில் கிடைத்ததில் ஏறத்தாழப் பாதிதான். வெளிநாட்டில் பயிற்சி பெற்றவராக இருக்க வேண்டும் என்ற விதிக்கு இராமன் இணங்கவில்லை, விதியைத் தளர்த்தினார்கள். அரசுப் பதவியை விட்டுவிட்டார். இந்த இடத்தைப் படித்தபோது, எங்கள் வீட்டில் யாராவது இப்படிச் செய்தால் என்ன நடக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். அம்மா மூன்று நாள் சோறு உண்ணமாட்டார்.

1921இல் முதன்முறையாக இங்கிலாந்து சென்றார். ஆக்ஸ்போர்டில் நடந்த பல்கலைக்கழகங்களின் மாநாடு அது. பயணத்தில் மத்தியதரைக் கடலின் ஆழ்ந்த நீலம் அவரைப் பிடித்துக்கொண்டது. வானத்தின் நீலத்துக்குக் காரணம் சொன்ன பேரறிஞர் ராலே, கடலின் நீலம் வானம் அதில் எதிரொளிப்பதால் வருவது என்று கூறியிருந்தார். உலகம் ஏற்றுக்கொண்ட கூற்று. இராமனின் சட்டைப்பையில் நிக்கல் பட்டகம் ஒன்று இருந்தது. திரும்பி வரும்போது, நார்க்குண்டா என்னும் கப்பலின் மேல்தளத்தில் நின்று, அந்தப் பட்டகத்தைத் தக்க கோணத்தில் திருப்பி, நீர்ப்பரப்பில் எதிரொளிக்கும் வானொளியை அணைத்துவிட்டுக் கடலைப் பார்த்தார். நீலம் போய்விட வேண்டுமல்லவா? போகவில்லை, முன்னிலும் ஆழமாகத் தெரிந்தது. நீரின் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறச் செய்கின்றன என்பது அவருக்குத் தெளிவாயிற்று. பம்பாய்த் துறைமுகத்தை அடைந்ததும் நேச்சர் இதழுக்குக் கடிதம் அனுப்பிவிட்டார். கையடக்கமான, விலை குறைந்த கருவி என்று இன்று பேசுகிறோமே, அந்தப் பரம்பரைக்கு இந்தச் சட்டைப்பைப் பட்டகத்தையே முதல் தாத்தா என்பேன்.

அதன்பின் ஏழாண்டுகள் திரவங்களில் ஒளி சிதறுவதை ஆராய்வதே அவர் கூட்டத்தாரின் வேலை. கூட்டம் என்றால் பெரும்பாலும் தெற்கிலிருந்து வந்த இளைஞர்கள். 1923இல் கே.ஆர். இராமநாதன், நீரில் சிதறிய ஒளியில் நிறம் மாறிய மெல்லிய கீற்று ஒன்று கலந்திருப்பதைக் கண்டார். இது நீரில் உள்ள அழுக்கால் தோன்றும் ஒளிர்வாக இருக்கலாம் என்று ஐயுற்று நீரை மீண்டும் மீண்டும் வடித்துத் தூய்மை செய்தார்கள். கீற்று போகவில்லை. போகாத அந்தக் கீற்றுக்கு மெல்லிய ஒளிர்வு என்று பெயர் வைத்து அப்போதைக்கு ஒதுக்கினார்கள். அழுக்கின் ஒளிர்வு என்ற இந்தப் பூதத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கத்தரிக்காயில் அது மறுபடியும் வரப்போகிறது.

1928 ஜனவரியையொட்டி, வெங்கடேசுவரன் என்னும் பகுதிநேர ஆய்வாளர் தூய கிளிசரினில் சூரிய ஒளி நீலமாகச் சிதறாமல் பசுமையாகச் சிதறுவதைக் கண்டார். இராமன் விழித்துக்கொண்டார். வத்திராயிருப்பைச் சேர்ந்த கே.எஸ். கிருஷ்ணனை அழைத்து, கருத்தியல் கணக்கை நிறுத்திவிட்டுச் சோதனையில் இறங்கச் செய்தார். ஏற்பாடு எளியது. கண்ணாடி ஒன்றால் சூரிய ஒளியை அறைக்குள் திருப்பி, தொலைநோக்கியின் பெரிய வில்லையால் குவிக்க வேண்டும். ஊதாநிற வடிகட்டியைக் குறுக்கே வைத்து ஊதா ஒளியை மட்டும் திரவத்துக்குள் விட வேண்டும். பார்ப்பவர் கண்ணுக்கு முன் பச்சை வடிகட்டி. ஊதாவைப் பச்சை விடாது, பச்சையை ஊதா விட்டிராது. ஆகவே கண்ணுக்கு இருட்டே தெரிய வேண்டும். தெரியவில்லை. ஏறத்தாழ அறுபது திரவங்களில் மங்கலான ஒளித்தடம் தெரிந்தது. உள்ளே போகாத நிறம் வெளியே வந்துகொண்டிருந்தது.

பிப்ரவரி 28ஆம் நாள் கையடக்க நிறமாலைமானி ஒன்றை எடுத்துக் கண்ணில் வைத்துப் பார்த்தார்கள். புகுந்த ஒளியின் பட்டைக்கு அப்பால், இடையே ஓர் இருட்டுக் கோடு விட்டு, புதிய பட்டை தனியே நின்றது. மறுநாள் செய்தி பத்திரிகைகளுக்குப் போயிற்று. பின்னர்ப் பாதரச விளக்கைப் பயன்படுத்தியபோது பட்டை கூர்மையான கோடுகளாகப் பிரிந்தது. மார்ச் 16ஆம் நாள் பெங்களூரில் அவர் இதை விரிவுரையாக நிகழ்த்தினார். கருவிகளுக்கு ஆன செலவு சுமார் ரூ.200 என்று சொல்வார்கள். ஏறத்தாழ அதே நாட்களில் மாஸ்கோவில் லாண்ட்ஸ்பெர்க், மாண்டல்ஷ்டாம் என்னும் இருவர் படிகங்களில் இதையே தனியாகக் கண்டிருந்தனர். அவர்கள் வெளியிடப் பிந்தியது. இராமனுக்குக் காத்திருக்கும் பழக்கம் கிடையாது.

கண்டது என்ன? ஒளி ஒரு மூலக்கூறில் மோதும்போது பெரும்பாலும் வந்த நிறத்திலேயே திரும்புகிறது. கோடியில் ஒரு பங்கு என்ற அளவில் சிறிதளவு மட்டும் மூலக்கூறின் அதிர்வுக்குத் தன் ஆற்றலில் கொஞ்சம் கொடுத்துவிட்டோ, அதனிடமிருந்து கொஞ்சம் வாங்கிக்கொண்டோ வருகிறது. கொடுத்த அளவுக்கு நிறம் மாறுகிறது. ஒவ்வொரு மூலக்கூறும் தன் அணுக்கள் கட்டப்பட்ட விதத்துக்கேற்ப அதிர்வதால், இந்தக் கோடுகளின் வரிசை ஒவ்வொரு பொருளுக்கும் வேறு. மனிதனுக்குக் கைரேகை எப்படியோ, பொருளுக்கு இராமன் கோடுகள் அப்படி. கண்டுபிடித்து ஏழாண்டுகளுக்குள் எழுநூறுக்கும் மேற்பட்ட ஆய்வுக் கட்டுரைகள் இதைப் பற்றி வெளிவந்தன என்றால் வேறென்ன சொல்ல!

1930இல் நோபல் பரிசு. அறிவிப்பு வருவதற்குப் பல மாதம் முன்பே அவர் கப்பலில் இடம் பதிவு செய்துவிட்டார் என்பதை எல்லாரும் எழுதுகிறார்கள். தன்னம்பிக்கை என்று சிலர் போற்றுவர், செருக்கு என்று சிலர் கூறுவர். எனக்கு இரண்டும் ஒன்றாகவே தோன்றுகிறது, அவரிடத்தில் அவை பிரியவில்லை. கிருஷ்ணனுக்குப் பரிசில் பங்கு இல்லை. பங்கு இருந்திருக்க வேண்டும் என்போர் இன்றும் உள்ளனர். அவர் பின்னர் தில்லியில் தேசியப் பௌதிக ஆய்வகத்தின் முதல் இயக்குநராகிப் பெயர் பெற்றார்.

1933இல் இராமன் பெங்களூர் இந்திய விஞ்ஞான நிலையத்தின் இயக்குநரானார். அப்பதவிக்கு வந்த முதல் இந்தியர். இங்கே ஒரு செய்தியை மறைத்து எழுதுவது வரலாறாகாது. பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் முதலிடம் பெற்றுத் தேறிய கமலா பாகவத் என்னும் பெண், அந்நிலையத்தில் ஆராய்ச்சிக்கு இடம் கேட்டார். பெண் என்பதால் இராமன் மறுத்தார். கமலா அசையவில்லை. மறுப்புக்குக் காரணம் கேட்டு நின்றார். முடிவில் ஓராண்டு சோதனையாகச் சேர்த்துக்கொண்டார்கள். அவர் உழைப்பைக் கண்டபின் இராமன் மனம் மாறி, பெண்களைச் சேர்க்கத் தொடங்கினார் என்பதும் உண்மை. அந்த ஓராண்டு அவமதிப்பு அதனால் இல்லாமல் போய்விடாது என்பதும் உண்மை. கமலா 1939இல் கேம்பிரிட்ஜில் டாக்டர் பட்டம் பெற்று, திரும்பி வந்து நம் குன்னூர் ஊட்டச்சத்து ஆய்வகத்திலும் பணியாற்றினார். மணமானபின் கமலா சொஹோனி என அறியப்பட்டார். பருப்பு, பதநீர் போன்ற ஏழைகளின் உணவை ஆராய்ந்ததோடு, பிற்காலத்தில் பம்பாயில் நுகர்வோர் சங்கத்தின் தலைமைப் பொறுப்பும் ஏற்று, வீட்டில் வாங்கும் பொருளின் தரம் பற்றி எளிய மக்களுக்காக எழுதினார். அன்று கதவை மூடிய விஞ்ஞானியின் கண்டுபிடிப்பும், கதவைத் தட்டிய பெண்ணின் அக்கறையும் இன்று கத்தரிக்காயின்மேல் சந்திக்கின்றன. இருவரும் இதை எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

நிலையத்தின் நிர்வாகத்தோடு பிணக்கு ஏற்பட்டு 1937இல் இயக்குநர் பதவியை விட்டார். பேராசிரியராக 1948 வரை இருந்தார். 1934இல் இந்திய விஞ்ஞானக் கழகத்தைத் தோற்றுவித்தார். 1948இல் தமக்கென இராமன் ஆராய்ச்சி நிலையத்தைத் தொடங்கி, அதன் சுதந்திரம் போய்விடும் என்று அரசுப் பணத்தைத் தவிர்த்தார். 1954இல் பாரத ரத்னா. வைரம், பூக்களின் நிறம், கண் எவ்வாறு காண்கிறது என்று கடைசிவரை ஏதாவதொரு நிறத்தின் பின்னாலேயே போனார். 1970 அக்டோபர் 2 அன்று வழக்கமான காந்தி நினைவுச் சொற்பொழிவை ஆற்றினார். நவம்பர் 21 அன்று மறைந்தார். அவர் விருப்பப்படி நிலையத்துத் தோட்டத்திலேயே எரியூட்டி, அவ்விடத்தில் ஒரு மரம் நட்டார்கள். 1987 முதல் பிப்ரவரி 28 தேசிய அறிவியல் நாளாகக் கொண்டாடப்படுகிறது. நாமும் அன்று விழா எடுக்கிறோம்.

மனிதர் மறைந்தார், விளைவு வளர்ந்தது. அதன் குறை ஒன்றுதான்: கோடியில் ஒரு பங்கு ஒளி மிகச் சொற்பம். 1960இல் லேசர் வந்தது, வெளிச்சப் பஞ்சம் பாதி தீர்ந்தது. மீதி, எதிர்பாராத இடத்தில் தீர்ந்தது. 1974இல் இங்கிலாந்தின் சௌதாம்டனில் ஃபிளைஷ்மன் என்பாரும் அவர் தோழர்களும், சொரசொரப்பாக்கிய வெள்ளித் தகட்டில் பிரிடின் என்னும் திரவத்தை ஒட்டவைத்துப் பார்த்தபோது, இராமன் கோடுகள் வியக்கத்தக்க வலிமையுடன் தெரிந்தன. பரப்பு மிகுதியானதால் என்று முதலில் எண்ணினார்கள். 1977இல் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் இரு குழுவினர், வெள்ளியே ஒளியைப் பல லட்சம் மடங்கு பெருக்கிக் காட்டுகிறது என்று உணர்ந்தனர். வெள்ளி, தங்கம் ஆகியவற்றின் நுண்துகள்களுக்கு இந்தக் குணம் உண்டு.

பூச்சிமருந்து இங்கேதான் நுழைகிறது. 2010இல் சீனத்தின் சியாமென் பல்கலைக்கழகத்தினர் தங்கத் துகள்களுக்கு மெல்லிய மணற்சத்து உறை போட்டு, மாவு தூவுவதுபோல ஆரஞ்சுப் பழத்தோலின்மேல் தூவி, கையில் எடுத்துச் செல்லக்கூடிய கருவியின் லேசரைக் காட்டினார்கள். தோலில் இருந்த பாரத்தியான் மருந்தின் கோடுகள் எழுந்து நின்றன. அரைக்கவும் இல்லை, காய்ச்சி வடிக்கவும் இல்லை. வெள்ளித் துகள் பூசிய காகிதத்தால் பழத்தைத் துடைத்து, அந்தக் காகிதத்தைக் கருவியில் காட்டும் முறைகளையும் பின்னர் பலர் செய்துள்ளனர். நம் சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் பிரதீப் குழுவினர் 2003இல் இதற்கு உறவான வேறொரு வழியைக் காட்டினர். செந்நிறமாக இருக்கும் தங்கத் துகள் கரைசல், எண்டோசல்ஃபான் ஒட்டியவுடன் நீலமாக மாறுகிறது. காசர்கோட்டுத் தோட்டங்களின் பெயரோடு ஒட்டிக்கொண்ட அதே எண்டோசல்ஃபான்தான். 2011இல் உச்சநீதிமன்றம் அதைத் தடை செய்தது.

இன்னும் மலிவானது நொதிக் காகிதம். பூச்சியின் நரம்பை முடக்கும் மருந்துகள் ஒரு நொதியை முடக்கியே அதைச் செய்கின்றன. அந்த நொதியைக் காகிதத்தில் வைத்து, காய் கழுவிய நீரை விட்டால், மருந்து இல்லாதபோது நிறம் வரும், இருந்தால் வராது. ஆனால் காகிதம் மருந்து இருக்கிறது என்று மட்டும் சொல்லும், எது என்று சொல்லாது. அதுவும் அந்த ஒரு வகை மருந்துகளுக்குத்தான். இராமன் கோடு பெயரைச் சொல்லும்.

இதனால் எல்லாம் ஆயிற்று என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆகவில்லை. கையடக்கக் கருவியின் விலை இன்னமும் லட்சங்களில் இருக்கிறது. செடிக்குள் ஊடுருவிச் சதைக்குள் போய்விட்ட மருந்தை, தோலைக் காணும் லேசர் காணாது. ஒரே காயில் நான்கு மருந்து கலந்திருந்தால் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று விழும். தனி வரம்பு வகுக்கப்படாத மருந்துக்கு நம் நாட்டு விதி கிலோவுக்கு 0.01 மில்லிகிராம், அதாவது ஒரு கிலோ காயில் ஒரு கிராமின் லட்சத்தில் ஒரு பங்கு. தோட்டத்துத் தூசியோடு வந்த காயில் அவ்வளவு நுண்ணியதைக் காண்பது ஆய்வகத்தில் காண்பதுபோல் எளிதல்ல. எல்லாவற்றுக்கும் மேலாக அந்தப் பழைய பூதம். காயின் தோலிலுள்ள நிறமிகளும் மெழுகும் அழுக்கும் லேசர் பட்டவுடன் தாமே ஒளிர்கின்றன. 1923இல் இராமநாதனை மயக்கிய அதே ஐயம், இன்று கருவி செய்பவர்களையும் மயக்குகிறது. அவர்களும் வடிகட்டுகிறார்கள், நிறத்தை மாற்றிப் பார்க்கிறார்கள், கணக்குப் போட்டுக் கழிக்கிறார்கள்.

காத்திருக்கலாமே என்று யாரும் சொல்லிவிட முடியாது. 2013 ஜூலை 16 அன்று பீகாரின் சப்ரா அருகே ஒரு பள்ளியில் மதிய உணவு உண்ட 23 குழந்தைகள் இறந்தார்கள். சமைத்த எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் கலந்திருந்தது. அது எச்சமன்று, நஞ்சேதான். நெடியும் சுவையும் மாறியிருந்ததைக் குழந்தைகள் சொல்லியும் கேட்கவில்லை என்று அப்போது செய்திகள் வந்தன. ஒரு துண்டு நொதிக் காகிதம் அந்தச் சமையலறையில் இருந்திருந்தால் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை. குழந்தையின் சொல்லைக் கேளாதவர்கள் காகிதத்தின் சொல்லைக் கேட்டிருப்பார்களா என்பது வேறு கேள்வி.

எங்கள் வீட்டில் கருவியும் இல்லை, காகிதமும் இல்லை, துண்டுத்தாள் இருக்கிறது. மருந்துப் புட்டியோடு மடித்து வரும் அந்தத் தாளில் எறும்பு எழுத்தில், கடைசியாக அடித்த நாளுக்கும் பறிக்கும் நாளுக்கும் இடையே எத்தனை நாள் விட வேண்டும் என்று அச்சிட்டிருக்கிறது. இத்தனை வருடமாக அதை வீட்டில் யாரும் படித்ததில்லை. படிக்கத் தெரிந்தவர் யாரும் இருந்ததில்லை என்பதே சரி. சென்ற தையில் நான் அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். அந்த மருந்துக்கு ஏழு நாள் என்றிருந்தது. கத்தரி ஏழு நாள் காத்திராது, நான்கு நாளுக்கொரு முறை பறித்தாக வேண்டும், விட்டால் முற்றிப் போகும், மண்டியில் பாதி விலைக்குக்கூடக் கேட்கமாட்டார்கள் என்று அப்பா கணக்குச் சொன்னார். அந்தக் கணக்கில் பிழை ஒன்றும் இல்லை. புழு விழாத காயைத்தான் வாங்குவேன் என்று நிற்கிறவர்களும் நாம்தானே.

அறிவியல் நாள் கண்காட்சிக்காக நானும் நண்பர்கள் இருவரும் செருப்புப் பெட்டியில் ஒரு கீறல் போட்டு, பழைய குறுந்தகட்டின் துண்டு ஒன்றை ஒட்டி, நிறமாலைமானி செய்தோம். செலவு பசைக்கு மட்டும். அதை வீட்டுக்குக் கொண்டுபோய்க் கூடத்துக் குழல்விளக்கைப் பார்க்கச் சொன்னேன். வானவில்லின் நடுவே பாதரசத்தின் பச்சைக்கோடு கூர்மையாகத் தெரிந்தது. இராமன் தம் கோடுகளைப் பிரித்தறிய உதவியதும் பாதரச விளக்குதான் என்று அப்பாவிடம் சொன்னேன். அவர் வெகுநேரம் ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்துக்கொண்டிருந்தார். இதில் காயில் உள்ள மருந்து தெரியுமா என்று கேட்டார். இதில் தெரியாது என்றேன். பெட்டியை என்னிடம் தந்துவிட்டு, நாளை எத்தனையாவது நாள் என்று அம்மாவிடம் கேட்டார். ஐந்தாவது நாள் என்று அம்மா சொன்னார். ஏழாகட்டும் என்று சொல்லிவிட்டு அப்பா விளக்கை அணைத்தார்.

— இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் பௌதிகம்